அறுநூற்றுப் பன்னிரண்டும் நானூற்றுப் பத்தொன்பதும்

ஆதிலட்சுமி அந்தப் பயிற்சி மையத்தில் வேலை கேட்டுப் போன நாளில் தாடையில் கட்டிய கம்பியை இன்னும் எடுத்திருக்கவில்லை. மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் பல்லிடுக்கு வழியாகத்தான் பேசினாள். மையத்தை நடத்தும் திருமலை, பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாளா, கம்ப்யூட்டர் தெரியுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து விபத்தா என்றார். வீட்டுக்காரர் என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அவளைப் போளூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன். வேலை இல்லாத மாதங்களில் அடிப்பான். வேலை இருக்கும் மாதங்களில் அசதியில் அடிப்பான். ஐந்தாவது வருஷம் ஒருநாள் காலை தோசைக்கல்லை எடுத்து முகத்தில் அடித்தான். தாடை இரண்டு இடத்தில் முறிந்தது. கீழே விழுந்தவள் எழுந்திருக்கும்போது கைக்கு அகப்பட்ட குக்கர் மூடியால் அவன் மூக்கின்மேல் ஓங்கிப் போட்டாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு வந்து நேராகப் பெரியாஸ்பத்திரியில் படுத்தாள். குழந்தை இல்லை. திரும்பிப் போகவும் இல்லை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் ஒற்றை அறைக்குக் குடிவந்தாள். அவள் என்னிடம் சொன்னதும் நான் கண்ணால் பார்த்ததும் சேர்ந்ததுதான் இது.

மையம் கலெக்டர் ஆபீசைத் தாண்டி ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வுக்கு நூற்று நாற்பது பிள்ளைகள் அங்கே படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு. நூற்றெண்பது கேள்விகள், எழுநூற்று இருபது மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு, தப்பான விடைக்கு ஒன்று கழியும். பிள்ளைகள் வட்டம் வட்டமாகக் கறுப்பு மை தீட்டிய ஓ.எம்.ஆர். தாள்களை ஸ்கேனரில் விட்டு, மார்க்கை எடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அவளுடைய வேலை.

அந்த ஆறு மணி எப்படிப்பட்டது என்பது அவளுக்குத் திங்கட்கிழமை காலையில் தெரியும். பிள்ளைகள் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டு வருவார்கள். பெண்கள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருப்பார்கள். கலையரசன் என்ற பையன் இருநூற்றுப் பன்னிரண்டு வாங்கிய வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தான். அப்பா விட்ட அறையில் செவிப்பறை கிழிந்துவிட்டது. பஞ்சு நனைந்து மஞ்சளாக இருந்தது. அவன் அதை மாற்றிக்கொள்ளக் கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி கேட்கத் தயங்கினான். வகுப்பிலும் அடி உண்டு. திருமலை முன்பு இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். மார்க் கம்மியானவர்களை வரிசையாக நிறுத்தி ஸ்டீல் ஸ்கேலைக் குத்துவாட்டில் பிடித்து விரல்முட்டியில் அடிப்பார். சேர்க்கும்போதே பெற்றோர்கள், கண்ணை மட்டும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள் சார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதல் மூன்று மாதம் ஆதிலட்சுமி மார்க்கை உள்ளபடி போட்டாள். நூற்று நாற்பது பேரில் முப்பது பேர் ஊருக்குள் இருந்த இன்னொரு மையத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே மார்க் ஜாஸ்தி வருகிறதாம். அடுத்த வாரம் திருமலை அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் நெகட்டிவ் மார்க் கழிக்கும் பெட்டியில் இருந்த டிக்கை எடுத்துவிடச் சொன்னார். பிறகு, போன வாரக் கேள்விகளில் பாதியை இந்த வாரம் கலந்து கொடுக்கச் சொன்னார். திரும்பத் திரும்பப் பார்த்தால் மனசில் நிற்கும் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்.

அவள் செய்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வாங்கிய கலையரசன் முந்நூற்று எழுபத்திரண்டுக்கு வந்தான். அதைவிட, திங்கட்கிழமைகள் மாறின. பிள்ளைகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். காதில் பஞ்சு இல்லை. ஒரு டிக்கை எடுத்துவிட்டதில் இத்தனை வீட்டில் அடி நின்றுவிட்டதே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பொய் மார்க் என்ற உறுத்தல் வரும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்துச் சமாதானம் செய்துகொண்டாள்.

உண்மையான தேர்வின் முடிவு ஜூனில் வந்தது. வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொருவருடைய கடைசி மாதிரித் தேர்வு மார்க்கையும் அசல் மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். ஐந்நூற்று நாற்பது, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. நானூற்றுத் தொண்ணூற்றாறு, முந்நூற்று இருபத்திரண்டு. ஒருவர்கூட மாதிரித் தேர்வு மார்க்குக்கு அருகில் வரவில்லை. நூற்று முப்பதுக்குக் குறையாமல் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். பதிவேட்டைத் திருமலையிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ஹாலுக்குள்ள போனதும் பயந்துட்டான்னு சொல்லிடு. எந்த அப்பனும் நம்புவான்," என்றார்.

நம்பினார்கள். நம்பிவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்தார்கள் என்று அவள் விசாரிக்கவில்லை. அடுத்த வருஷமும் அதேதான். விசாரித்திருக்க வேண்டும் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

அபிநயா, ஆதிலட்சுமி வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம் தேர்வு எழுதிய பெண். அடி அண்ணாமலையில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தாள். அப்பா இருசப்பன் சொந்த நிலத்தில் கடலையும் நெல்லும் போடுகிறவர், சுற்று வட்டாரத்துக்கு டிராக்டர் ஓட்டுகிறவர். முன்கோபி. வாய்க்கால் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரின் தோள்பட்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்து ஒருமுறை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தவர். ஆனால் மகளைப் பற்றிப் பேசினால் குரலே வேறு மாதிரி ஆகிவிடும். கடைசி மாதிரித் தேர்வில் அபிநயா அறுநூற்றுப் பன்னிரண்டு வாங்கினாள். அவள் படத்தையும் அந்த எண்ணையும் போட்டு மையம் செங்கம் ரோட்டில் ஒரு பேனர் கட்டியது. இருசப்பன் டிராக்டரைப் பேனருக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அசலில் நானூற்றுப் பத்தொன்பது வந்தது.

முடிவு வந்த மறுநாள் காலை பத்து மணிக்குப் பாஞ்சாலை, அபிநயாவின் அம்மா, மையத்தின் படியேறி வந்தாள். உதடு பிளந்து தையல் போட்டிருந்தது. ஒரு கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"மேடம், எங்க பொண்ணு இங்க யாராவது பையன் கூடப் பேசுவாளா? தெரிஞ்சா உண்மைய சொல்லிடுங்க. அறுநூத்திப் பன்னண்டு வாங்கினவ நானூத்திப் பத்தொம்போது எப்டி வாங்குவா, வேணும்னே எழுதாம விட்டுட்டா, எவன்கூடவோ ஓடறதுக்குத் திட்டம் போட்டுட்டானு அவங்கப்பா சொல்றாரு."

நேற்றுச் சாயங்காலம் டிராக்டரின் ஃபேன் பெல்ட்டால் ஆரம்பித்திருக்கிறார். பெல்ட் அறுந்ததும் கதவுக்குக் குறுக்கே போடும் தாழ்க்கட்டையை எடுத்திருக்கிறார். அபிநயா முகத்தை மறைக்கத் தூக்கிய வலது கையில் அடி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. நடுவில் போன பாஞ்சாலைக்கு உதட்டிலும் கண்ணிலும். ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இப்போது பெண்ணை அறையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார். பையன் யார் என்று தெரியும்வரை சோறு கிடையாது. தெரிந்தால் இரண்டு பேரையும் வெட்டுவேன் என்கிறார்.

உள்ளறையில் இருந்து திருமலை வெளியே வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. நிதானமாகச் சொன்னார்.

"போன வருஷமே கொஞ்சம் கவனம் சிதறிதான் இருந்தாம்மா. போன் ஜாஸ்தி. யார்கூடப் பேசறா, இன்னா பண்றான்னு வீட்லதானே பாத்துக்கணும்? நாங்க படிப்புதான் சொல்லித் தர முடியும்."

பாஞ்சாலை அந்த ஒரு கண்ணால் அவரைப் பார்த்தாள். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த வாக்கியம் அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆதிலட்சுமிக்கு விளங்கிவிட்டது. அலமாரியைத் திறந்து அபிநயாவின் கடைசி மாதிரித் தேர்வுத் தாளையும், அதற்கு முந்தைய பத்து வாரத்து வினாத்தாள்களையும், பதிவேட்டையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். திருமலை பையைப் பிடித்தார். அவள் விடவில்லை. அவர் இன்னொரு கையால் அவள் தாடையிலேயே அறைந்தார். பழைய முறிவு இருந்த இடம். காதுக்குள் விண்ணென்று கேட்டது, கண் இருட்டியது. மேஜைமேல் தாளில் துளை போடும் இரும்பு மெஷின் கிடந்தது. அதை எடுத்துப் பையைப் பிடித்திருந்த அவர் விரல்களின்மேல் அடித்தாள். இரண்டாம் முறை அடித்தபோது பிடி விட்டது. வகுப்பில் இருந்த புதுப் பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயில் ஊறிய ரத்தத்தை மாடிப்படி மூலையில் துப்பிவிட்டு இறங்கி ஓடினாள். பாஞ்சாலையை பஸ் ஸ்டாப்பில் பிடித்தாள். இருவரும் ஓர் ஆட்டோவில் ஏறினார்கள்.

அடி அண்ணாமலையில் வீட்டு வாசலில் டிராக்டரின் பானெட்டைத் திறந்து இருசப்பன் புது பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். டெஸ்ட் மார்க் போடுகிறவள் என்றாள்.

"பையன் பேர் தெரியுமா?"

"பையன் யாரும் இல்லைங்கண்ணா. அறுநூத்திப் பன்னண்டு உங்க பொண்ணு வாங்கின மார்க்கே இல்ல. நாங்க போட்டது."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, மகளைக் காப்பாற்ற மனைவி கூட்டிக்கொண்டு வந்த ஆள் இது என்றுதான் புரிந்தது. பாஞ்சாலையின் முடியைப் பிடித்து இழுத்தார். ஆதிலட்சுமி குறுக்கே போனாள். வயிற்றில் ஓர் உதை விழுந்து டிராக்டரின் பின் சக்கரத்தில் போய் மோதினாள். தாள்கள் வாசலெங்கும் சிதறின. எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தாள்களைப் பொறுக்கிக்கொண்டு பேசினாள். அவர் கத்தக் கத்த அவள் பேசிக்கொண்டே இருந்தாள். கோபப்படவில்லை, அழவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். அதனாலேயோ என்னவோ அவர் ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்தினார்.

நூற்று ஐம்பத்து மூன்று சரி, இருபத்தேழு தப்பு. அசல் தேர்வில் தப்புக்கு மார்க் கழியும், நாங்கள் கழிக்கவில்லை. கழித்தால் ஐந்நூற்று எண்பத்தைந்து. அடுத்து, இந்த நூற்றெண்பது கேள்வியில் தொண்ணூறு, பிள்ளைகள் முன்னாலேயே எழுதிப் பார்த்த கேள்விகள். இதோ பழைய தாள்கள். அந்தத் தொண்ணூறில் எண்பத்தெட்டு சரியாக எழுதியிருக்கிறாள், மனப்பாடம். புதிதாக வந்த தொண்ணூறில் அறுபத்தைந்துதான் சரி. எல்லாமே புதுக் கேள்வியாக இருந்தால் அவளுக்கு நானூற்று எழுபதுதான் வந்திருக்கும். மீதி ஐம்பது, அசல் கேள்வித்தாள் கஷ்டமாக இருந்ததாலும் பயத்தாலும் போனது. அது எல்லாருக்கும் போகும். பதிவேட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். மூன்று வருஷத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் இறங்கியிருக்கிறது. எல்லாருமா ஓடிப்போகத் திட்டம் போட்டார்கள்?

இருசப்பனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பூட்டைத் திறந்து மகளைக் கூப்பிட்டார். அபிநயா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாவுக்கட்டுக்கு மேலே கை கறுத்துப் போயிருந்தது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கண்டதும் தானாகவே இடது கை முகத்துக்கு நேராக உயர்ந்தது. அவர் இரண்டு தாள்களை நீட்டி, ரெண்டிலும் ஒரே கேள்வியா என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன்பா. நீங்க அடிக்கறப்பதான் சொன்னேன்."

அவர் டிராக்டரின் முன் சக்கரத்தின்மேல் உட்கார்ந்தார். பாஞ்சாலை மகளை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவள் குடிக்கும் சத்தம் வெளியே கேட்டது. ஆதிலட்சுமிக்கு, முடிந்தது, இனி இந்த வீட்டில் அடி விழாது என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் எழுந்தார். டிரெய்லர் மாட்டும் இரும்புக் கம்பியை உருவினார். கைமுழம் நீளம், கட்டைவிரல் கனம். அதை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டார்.

அவள் திருமலைக்குப் போன் அடித்தாள். அவர் எடுக்கவில்லை. விரலை உடைத்துவிட்டுப் போனவளின் போனை அவர் எதற்கு எடுப்பார்? நான்குமுறை அடித்துவிட்டு நூறுக்கு அடித்தாள். விலாசம் சொல்லி, ஓர் ஆள் இரும்புக் கம்பியோடு வருகிறார், உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். நின்றிருந்த அதே ஆட்டோவில் பின்னாலேயே போனாள். மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அன்றே பேரிகேட் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் இடுக்கில் நுழைந்து போயிருந்தது. ஆட்டோ ஈசான்ய லிங்கம் அருகே நின்றுவிட்டது. அவள் இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கொஞ்ச தூரம் போனதும் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

மாடிப்படியிலேயே கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. வரவேற்பறையில் ஸ்கேனர் நொறுங்கிக் கிடந்தது. வகுப்பறையில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் ஒருவர்மேல் ஒருவராக ஒடுங்கியிருந்தார்கள். ஒரு பெண் சிறுநீர் கழித்துவிட்டிருந்தாள். திருமலை கரும்பலகைக்குக் கீழே கிடந்தார். வலது முழங்கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. பேன்ட் துணிக்குள் எலும்பு கூடாரம் போலத் துருத்திக்கொண்டிருந்தது. இருசப்பன் கம்பியை இரண்டு கையாலும் தூக்கி அடுத்த காலில் இறக்கினார். நிலம் கொத்துகிறவர் போல, அவசரமில்லாமல், ஒவ்வோர் அடிக்கும் மூச்சு விட்டு அடித்தார்.

"எம் பொண்ணு கைய நீதான்டா ஒடச்ச," என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

ஆதிலட்சுமி பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். அவர் உதறினார். அவள் விழுந்து எழுந்து திருமலைக்கும் அவருக்கும் நடுவில் போனாள். இறங்கிக்கொண்டிருந்த கம்பி அவள் இடது தோளில் விழுந்தது. காறை எலும்பு முறியும் சத்தம் தனக்கே கேட்டதாகச் சொன்னாள். திருமலைமேல்தான் விழுந்தாள். அவர் வாயில் இருந்து வந்த நுரையும் ரத்தமும் அவள் கழுத்தில் ஒட்டியது. அன்று காலை தன் தாடையில் அறைந்த அந்தக் கை அவள் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

அவள் விழுந்ததைப் பார்த்ததும் இருசப்பன் நிறுத்தினார். கம்பியைக் கீழே போட்டார். வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். பௌர்ணமி பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் எடுக்க ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மார்க் பொய் என்று அந்த ஆளுக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

"பொய் மார்க் போட்டது?"

"அதுவும் நான்தான்."

அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார். மகளையும் மனைவியையும் அடித்ததற்கு இருசப்பன்மேல் ஒரு வழக்கு, திருமலையை அடித்ததற்கு இன்னொன்று. பெற்றோர் கொடுத்த புகாரில் திருமலைமேல் மோசடி வழக்கு. அதில் ஆதிலட்சுமியின் பெயரும் இருந்தது. எல்லா வழக்கிலும் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் மூன்றாம் நாள் பெற்றோர் கூட்டம் மையத்துக்குப் போய் மிச்சம் இருந்த கம்ப்யூட்டர்களை உடைத்தது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. நாற்பது பேர் இருக்கும். நான் கீழே கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகளின் கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னவர்களில் பலர் அதில் இருந்தார்களாம். ஆதிலட்சுமி தோளில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டு தெரியும்படி மாடிக் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றாள். ஒருவர் செங்கல்லை விட்டெறிந்தார். அது எங்கள் தண்ணீர்த் தொட்டியில் பட்டு உடைந்தது. இன்னொன்று அவள் நெற்றியில் பட்டது. நெற்றியில் இருந்து ரத்தம் வடிய வடிய அங்கேயே நின்று, கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர்களுடைய பிள்ளையின் சரியான மார்க் எவ்வளவு இருந்திருக்கும் என்று சொன்னாள். பதிவேடு போலீசிடம் இருந்தது. அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கலையரசனின் அப்பாவும் கேட்டார். இருநூற்று முப்பது என்றாள். அவர் கையில் இருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

திருமலைக்கு வலது கால் தொடைக்குக் கீழே எடுக்கப்பட்டது. இப்போது வேறொரு ஊரில் மைத்துனர் பெயரில் மையம் வைத்திருக்கிறார், கூட்டம் குறைவில்லை என்று கேள்வி. இருசப்பன் நான்கு மாதம் வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அதற்குள் பாஞ்சாலை மகளைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவர் போகக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது.

தோள் கூடியபின் ஆதிலட்சுமி மாடி அறையிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் தேர்வு நடத்தத் தொடங்கினாள். வந்த பிள்ளைகள் பத்தொன்பது பேர். கேள்வி புதுசு, கழிப்பு உண்டு, மூன்று மணி நேரத்துக்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது. மார்க்கைப் பெற்றோருக்கு அனுப்புவதில்லை, பிள்ளையின் கையில்தான் கொடுப்பாள். ஒருநாள் ஒரு தகப்பன் படியேறி வந்து மகனின் தாளைப் பிடுங்கிப் பார்த்து, இருநூற்று எண்பத்தெட்டு என்று கண்டதும் அங்கேயே அவன் பிடரியில் அறைந்தான். பையனின் நெற்றி கதவில் இடித்தது. ஆதிலட்சுமி அந்த ஆளின் சட்டைக் காலரைப் பிடித்து மாடிப்படி வரை இழுத்துப் போனாள். உருண்டு விழுந்திருப்பான், நான்தான் நடுப்படியில் பிடித்தேன். அந்தப் பையன் அடுத்த வாரத்தில் இருந்து வரவில்லை. அதை நினைத்து அவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அபிநயா வந்தாள். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது, முழுசாக மடங்காது. வட்டம் தீட்டுவதற்கு மற்றவர்களைவிட அவளுக்கு நேரம் ஜாஸ்தி ஆகும். ஆரம்பத்தில் கடைசி இருபது கேள்வியைத் தொடவே முடியாமல் முந்நூற்று அறுபதில் நின்றாள். பிறகு இடது கையால் தீட்டப் பழகினாள்.

ஏப்ரலில் வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது வராந்தாவில் இருசப்பன் ஆதிலட்சுமியிடம் வந்தார். மெலிந்திருந்தார்.

"போன ஞாயித்துக்கெழம எவ்ளோ வாங்கினா?"

"சொல்ல மாட்டேங்கண்ணா."

அவர் கை தோள்வரை ஓங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். இருசப்பன் தன் கையையே பார்த்தார். அதை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டு தூணோரமாகப் போய் நின்றார். அப்புறம் கேட்கவில்லை.

அந்த வருஷம் அபிநயாவின் கடைசி மாதிரித் தேர்வு மார்க் நானூற்று ஐம்பத்தொன்று. அசலில் நானூற்று நாற்பத்தாறு. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. சித்த மருத்துவத்தில் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் சொல்லிக்கொண்டு போக வந்தாள். ஆதிலட்சுமி காபி போட்டாள். எனக்கும் ஒரு தம்ளர் கொடுக்கக் கூப்பிட்டாள், நானும் போய் உட்கார்ந்தேன். ஹாஸ்டல், பஸ், மழை என்று ஏதேதோ பேசிவிட்டு அபிநயா கேட்டாள்.

"அக்கா, மொத வருஷமே உங்களுக்குத் தெரியுமில்ல? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

ஆதிலட்சுமி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மார்க் கம்மியானா அடி வாங்குவீங்கன்னு சொல்லல. எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொல்லிட்டு இருக்கறேன். அது பாதி. வேலை போயிடும்னு பயம். அது மீதி."

அபிநயா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. காபியைக் குடித்து முடித்தாள். பையை வலது கையில் எடுத்தாள், மணிக்கட்டு தாங்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வர்றேன்க்கா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.